பெயர் குறிப்பிடாத சங்கத் தலைவர்

ஒக்டோபர் 11, 2005. செவ்வாய்

முதலாம் வருடத்துக்கு இறைமை பற்றி விரிவுரை. ஒரு நிலத்தில் கடைசிச் சொல் யாருடையதோ அவரிடமே இறைமை இருக்கிறது என்று சொல்லி முடிக்கவில்லை, பின்வாங்கிலிருந்து ஒருத்தி, "எந்த றோட்டில மிஸ்?" என்றாள். ஒரு றோட்டில் இராணுவம், அடுத்த றோட்டில் போராளிகளின் இயக்கம்; வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். இருபது வருடத்துக்கு மேல் அரசறிவியல் படிப்பிக்கிறேன், இதைவிட நல்ல கேள்வி வந்ததில்லை.

மத்தியானம் துறைத்தலைவர் கனகரத்தினம் கூப்பிட்டார். பேராசிரியர் பதவிக்கு இன்னும் ஒரு கட்டுரை வெளிவந்தால் போதுமாம். "இறக்கக்கண்டிக் கட்டுரையை முடியுங்கோ மிஸ். அதுதான் உங்கட துருப்புச் சீட்டு." என்னைவிட இளையவர், எனக்கு முன்னமே பேராசிரியர் ஆனவர். புத்திமதி சொல்லும்போது மட்டும் அவருக்கு முகம் கனிந்துவிடும்.

ஒக்டோபர் 23. ஞாயிறு

இறக்கக்கண்டிக்குப் போனேன். தம்பையா அண்ணன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார். அந்த ஊர் மீனவர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். இளவயதில் துறைமுகத்தில் வேலை செய்தவர், சிங்களம் தண்ணி பட்ட பாடு. இராணுவக் காம்பிலிருந்து ஆள் வந்தால் ஊருக்காகக் கதைப்பவரும் அவர்தான்.

போர்நிறுத்தம் வந்த பிறகுதான் சனம் இப்படி வாய் திறக்கிறது. இன்றைக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

"காம்பில கூட்டமெண்டா ஒரு பகுதி போகும். இயக்கம் கூப்பிட்டா மற்றப் பகுதி போகும். இவை அங்கை போகாயினம், அவை இஞ்சை வராயினம். ரெண்டு பக்கமும் தங்கட ஆக்கள் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கும். கரைவலை இழுக்கேக்க எல்லாக் கதையும் ஒண்டாச் சேரும் ரீச்சர். ஆருக்கு என்ன மறுமொழி சொல்லுறது எண்டு வலை கரைக்கு வாறதுக்குள்ள முடிவாகிடும்."

கரைவலையை இழுக்க ஊரே கரையில் கூடும். மீன் பிடிக்கிற சனத்தை யார் கூட்டம் என்று நினைக்கப் போகிறார்கள்? இரண்டு அதிகாரங்களுக்கு நடுவில் ஒரு கிராமம் தன்னைத்தானே ஆள்கிறது. நான் படித்த கோட்பாடுகளில் இதற்குப் பெயர்கூட இல்லை. எனக்குக் கை துறுதுறுத்தது.

வெளிக்கிடும்போது, "பேர் வராதுதானே ரீச்சர்?" என்றார்.

"வராது அண்ணன். ஊரின்ர பேரும் வராது."

"அது காணும்." அவருடைய மனைவி வள்ளிநாயகி சூடைக் கருவாடு கட்டித் தந்தா.

நவம்பர் 29

ஆங்கிலச் சஞ்சிகை கட்டுரையை ஏற்றுக்கொண்டது. கனகரத்தினம் விடுகிறாரில்லை. பீட மலருக்குத் தமிழிலும் வேணுமாம். "எங்கட சனம் வாசிக்க வேணும் மிஸ்."

டிசம்பர் 7

தமிழில் எழுதுவது எவ்வளவு சுகம்! ஆங்கிலத்தில் வெறும் 'தகவலாளர்' என்று நின்ற மனிதர் தமிழில் எழுந்து நடக்கிறார். துறைமுக வேலை, அந்தச் சிங்களம், கரைவலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்கு வேலை பிரிக்கும் விதம் எல்லாம் வந்துவிட்டது. பெயர் மட்டும் இல்லை. 'வடகரையில் பெயர் குறிப்பிடாத ஒரு சங்கத் தலைவர்' என்று போட்டிருக்கிறேன்.

டிசம்பர் 25. ஞாயிறு

வாரப் பத்திரிகை மலரிலிருந்து அரைப்பக்கம் எடுத்துப் போட்டிருக்கிறது, என் படத்தோடு. காலையிலிருந்து தொலைபேசி. சந்தோசமாகத்தான் இருந்தது, பொய் சொல்லுவானேன்.

என் கணவர் யோகலிங்கம் தேத்தண்ணியோடு கதிரையில் இருந்து வாசித்தார். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்த மனிதர், எதையும் மெதுவாகத்தான் வாசிப்பார். பாதியில் நிமிர்ந்தார்.

"இது இறக்கக்கண்டித் தம்பையா எல்லோ?"

"எங்கை பேர் இருக்கு?"

"துறைமுகத்தில வேலை செய்தவர், சிங்களம் கதைப்பார், சங்கத் தலைவர், வடகரை. இனிப் பேர் எதுக்கப்பா? கச்சேரிப் பியோனும் சொல்லுவான்."

ஆய்வு நெறி, பெயர் மறைப்பு, சர்வதேச நடைமுறை என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. "வெள்ளைக்காரனுக்குத்தான் மறைச்சிருக்கிறீர்" என்றுவிட்டுப் பேப்பரை மடித்தார்.

குசினிக்குள் போய் நின்றேன். அரிசி களைய ஏலவில்லை. ஐயோ, என்ன செய்துவிட்டேன்? போர்நிறுத்தம்தானே. ஒன்றும் வராது. வருமா?

ஜனவரி 3, 2006

நேற்றுப் பட்டணக் கடற்கரையில் ஐந்து பிள்ளைகளைச் சுட்டுப்போட்டார்கள். எழுத ஏலாது.

ஜனவரி 15. ஞாயிறு

வழியெல்லாம் சோதனைக்கு பஸ்ஸிலிருந்து இறக்கி ஏற்றினார்கள். இறக்கக்கண்டி போய்ச் சேர மத்தியானம்.

தம்பையா அண்ணனுக்கு யாரோ பேப்பரை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். "நல்லா எழுதியிருக்கிறியள் ரீச்சர். நாங்க செய்ததைவிட நல்லாயிருக்கு" என்றார். ஏசியிருக்கலாம். ஏசினால் தாங்கியிருப்பேன். வள்ளிநாயகி குசினி வாசலில் நின்றா, வாங்கோ என்று சொல்லவில்லை.

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டில் வந்து இருங்கோ, இரண்டு பேரும் வாங்கோ என்று கெஞ்சினேன்.

"நான் போனா எழுதினது உண்மையெண்டு ஆகிடும். பிறகு மிச்ச ஆக்களைத்தான் பிடிப்பாங்கள். நான் இஞ்சை இருந்தா, ரீச்சர் கற்பனையில எழுதினவ எண்டு சொல்லலாம்." வலையில் ஒரு முடிச்சை இறுக்கினார். "அதே பேப்பரில நீங்களும் ஒரு வரி போடுவியளோ? இது கற்பனை, அப்பிடி ஒரு ஊர் இல்லையெண்டு?"

"போடுறன் அண்ணன்."

ஜனவரி 17

கனகரத்தினத்திடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார். "கற்பனை எண்டு போட்டா அது ஆய்வில்லை மிஸ். விண்ணப்பத்தில முதல் கட்டுரையே அதுதான். பதவி போறது மட்டுமில்லை, இருக்கிற பேரும் போகும். ஜூனில நேர்முகம். அது முடிய என்னத்தையும் போடுங்கோ."

அந்த ஒரு வரியை எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை.

ஜனவரி 30

அனுப்பவில்லை.

பெப்ரவரி 19

இந்த வேலைக்கு வந்தபோது, மேடம் என்றால் தையல் படிப்பிக்கிறவா என்று நினைத்த காலம். பெண்பிள்ளைக்கு அரசியல் என்னத்துக்கு என்று கேட்டவர்கள் இன்றைக்கு மேடையில் என்னை 'எங்கட சொத்து' என்கிறார்கள். அந்தப் பேராசிரியர் கதிரைக்கு எனக்கு உரிமை இல்லையா? ஒரு நாலு மாதம்தானே. நாலு மாதத்தில் என்ன வந்துவிடப் போகிறது?

இதை யாருக்குச் சொல்கிறேன்?

மார்ச் 21

கடல் அடங்கிவிட்டது, கரைவலைக் காலம் தொடங்குகிறது. யோகலிங்கம் கச்சேரியில் கேள்விப்பட்டு வந்து சொன்னார்: அந்தப் பக்கக் கரையில் ஆள் கூடி வலை இழுக்கக் கூடாது என்று காம்பிலிருந்து உத்தரவாம். கரைவலை தனி ஆளாய் இழுக்கிற வலையா? ஊரே பட்டினி.

வாசித்திருக்கிறார்கள். கரைவலைக் கதை என் கட்டுரையைத் தவிர வேறு எங்கேயும் இல்லை.

"அந்த வரியை அனுப்பினீரோ?" என்று கேட்டார். விளக்கை நிறுத்தினேன்.

ஏப்ரல் 13

ஊரடங்கு. நேற்றுச் சந்தையில் குண்டு, இன்றைக்கும் அந்தப் பக்கம் புகை. வளாகம் பூட்டு. யாருக்கும் புதுவருடம் இல்லை.

மே 10

கடைசியில் அந்த வரியைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். இன்றைக்கு அவர்களிடமிருந்து தொலைபேசி. பக்கம் முழுக்கச் செத்தவர் பெயர்தான் போகிறது மேடம், பழைய கட்டுரைக்கு மறுப்புப் போட இடமில்லை என்றார்கள். தையில் போட்டிருப்பார்கள். தையில் இடம் இருந்தது.

மே 23. செவ்வாய்

தம்பையா அண்ணனைக் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து.

வள்ளிநாயகி வந்து சொல்லித்தான் தெரியும். கதிரையில் இருக்க மாட்டேன் என்றுவிட்டா. நின்றபடியே சொன்னா.

"ரெண்டு பக்கமும் ஒரே நாளில, ஒரே நேரத்துக்குக் கூட்டம் வைச்சவை. அவர் மட்டும் வரோணுமாம், வேற ஆக்கள் வேண்டாமாம். எதுக்குப் போறியள் எண்டு கேட்டன். தெரியாட்டி உனக்கு நல்லது எண்டார். சைக்கிள் றோட்டுப் பிரியிற மதகடியில கிடந்தது."

காம்பில் கேட்டால் இயக்கம்தான் என்கிறார்களாம். இயக்கத்தைக் கேட்டால் காம்ப்தான் என்கிறார்களாம். அவர் எந்தப் பக்கம் திரும்பினார் என்று கண்டவர் ஒருவரும் இல்லை. அவர் போகாத பக்கத்துக்கும் கோபம், போன பக்கத்துக்கும் கோபம். இத்தனை வருடம் இரண்டையும் ஏமாற்றியவர் என்று இரண்டுக்கும் நானல்லவா சொல்லிக் கொடுத்தேன்!

"முறைப்பாடு குடுக்கப் போனனான்" என்றா. "ஏன் கொண்டுபோவினம், காரணம் சொல்லுங்கோ எண்டு கேக்கினம். காரணம் உங்களிட்டையெல்லோ இருக்கு. என்னோட வந்து சொல்லுங்கோ."

"ஜூன் இருபத்தேழு முடியட்டும் வள்ளிநாயகி. அடுத்த நாளே வாறன்."

அது என்ன நாள் என்று அவ கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

மே 24

எனக்கு வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. காரணம் இதுதான் என்று அங்கே போய்ச் சொன்னால் இரண்டு பக்கத்துக்கும் என் வாசல் தெரியும். நேர்முகம் ஒரு சாட்டு. இல்லை, சாட்டு இல்லை. இரண்டும்தான்.

ஜூன் 27. கொழும்பு

நேர்முகம். மூன்று பேராசிரியர்கள், குளிரூட்டிய அறை, கிண்ணத்தில் பிஸ்கட். இறக்கக்கண்டிக் கட்டுரையைத்தான் கேட்டார்கள். தகவல் தந்தவரின் நம்பிக்கையை எப்படிப் பெற்றீர்கள் என்றார் ஒருவர். பெயர் மறைத்த முறை மாணவர்களுக்கே முன்மாதிரி என்றார் இன்னொருவர். அவரோடு தொடர்பு இருக்கிறதா, தொடர் ஆய்வு செய்யலாமே என்றார் மூன்றாமவர்.

"இப்ப றோட்டு கொஞ்சம் கஷ்டம்" என்றேன்.

றோட்டு கொஞ்சம் கஷ்டம்! என் வாயால்தான் சொன்னேன். பிறகு ஒரு பிஸ்கட்டும் எடுத்துத் தின்றேன்.

ஜூலை 2

அடுத்த நாளே போகவில்லை. கொழும்பிலிருந்து வந்து காய்ச்சல். உண்மையான காய்ச்சல்தான்.

ஓகஸ்ட் 9

மூதூர், தோப்பூர் சனமெல்லாம் வெளிக்கிட்டு நடக்குது. ஷெல் சத்தம் ஓர்ஸ் ஹில் வரை கேட்கிறது, அலுமாரிக் கண்ணாடி அதிர்கிறது. இறக்கக்கண்டிக்கு பஸ் இல்லை.

செப்டெம்பர் 14

நியமனக் கடிதம் வந்தது. யோகலிங்கம் வாசித்துவிட்டு, "நல்லது" என்றார். பிறகு, "இனிப் போகலாம்தானே?" என்றார்.

செப்டெம்பர் 17. ஞாயிறு

யோகலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு இறக்கக்கண்டிக்குப் போனேன். தம்பையா அண்ணன் வீடு பூட்டிக் கிடந்தது, வலையைக் காணவில்லை. வள்ளிநாயகி மன்னாருக்குப் போய், அங்கேயிருந்து படகில் இந்தியாவுக்குப் போய்விட்டாவாம். எப்போது என்று கேட்டேன். பக்கத்து வீட்டு மனிசி என்னை அடையாளம் கண்டிருக்க வேண்டும். "நீங்க வருவியள் எண்டு ஆவணி மட்டும் பாத்துக்கொண்டு இருந்தவ" என்றுவிட்டு உள்ளே போய்விட்டா.

திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன்.

ஒக்டோபர் 17. செவ்வாய்

காணாமல் போனவர்களுக்கு முறைப்பாடு எடுக்கிற அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் பெண்கள் வெயிலில் வரிசையாய் நின்றார்கள். பேராசிரியர் என்று யாரோ சொல்ல, என்னை நேரே உள்ளே விட்டார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். போய்விட்டேன்.

காரணத்தைச் சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். கட்டுரையையும் பேப்பர்த் துண்டையும் மேசையில் வைத்துத் தொடக்கத்திலிருந்து எல்லாம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த உத்தியோகத்தர் வயதானவர், குறுக்கே கதைக்காமல் கேட்டார். கடைசியில் முறைப்பாட்டுக் கோவையைத் திறந்து பார்த்தார்.

"மனிசி குடுத்த முறைப்பாடு. அவ நாட்டில இல்லை. குடும்பத்தில ஒருத்தர் கையெழுத்து வைச்சாத்தான் இதைத் திறக்கலாம் மேடம். வைகாசியில அவவோட வந்திருந்தா எழுதியிருப்பன்." பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் அவருக்கு என்ன முறை?"

அக்கா, தங்கை, மச்சாள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னால் எழுதியிருப்பாரோ? ஏதும் ஒரு முறை சொல்லமாட்டேனா என்று அவர் ஆவலாய்த்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு முறையும் இல்லை" என்றேன்.

அவர் பேனையை மூடி வைத்தார்.

பின்னேரம் முதலாம் வருடத்துக்கு விரிவுரை இருந்தது. போய் எடுத்தேன்.