பன்னிரண்டு என்று சொல்லிக்கொடுத்த சதுரம்

ஜூன் 3, 2003. செவ்வாய்
காலையிலேயே கொளுத்தும் வெயில். சாக்பீஸ் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.
மாலை கோச்சிங் சென்டரில் ரீசனிங் வகுப்பு. ஒரு சதுரம். உள்ளே இரண்டு மூலைவிட்டம், நடுவில் ஒரு நெட்டுக்கோடு, ஒரு குறுக்குக்கோடு. முக்கோணம் எத்தனை? கைடில் பன்னிரண்டு. அதையே சொன்னேன்.
கலைவாணி எழுந்தார். பகலில் பட்டு நூல் சுற்றிவிட்டுப் படிக்க வருகிறவர். என்னைவிட நாலு வயது மூத்தவர். வயது வரம்பு முடிகிறது, இந்த கிளார்க் பரீட்சைதான் அவருக்குக் கடைசி.
"பதினாறு வருது சார். ரெண்டு வாட்டி எண்ணிகினுதான் சொல்றேன்."
"நூல் எண்ற மாதிரி எண்ணிட்டீங்களா? உக்காருங்க."
எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அவர் நோட்டில் எதையோ அடித்துவிட்டு எழுதினார்.

ஜூன் 4. புதன்
கரண்ட் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தபோது படத்தை வரைந்து பார்த்தேன். சின்னது எட்டு. இரண்டு இரண்டாகச் சேர்ந்தது நாலு. சதுரத்தில் பாதி அளவுக்குப் பெரியது நாலு. பதினாறு.
கைடு தப்பு. நான் எண்ணவே இல்லை, பார்த்து வாசித்தேன், அவ்வளவுதான்.
வகுப்பில் சொல்லிவிடத்தான் போனேன். எப்போதும் முன் பெஞ்சில் இருக்கும் கலைவாணி கடைசி பெஞ்சில். அதை விட்டுவிட்டு ரயில் கணக்கு நடத்தினேன்.

ஜூன் 10. செவ்வாய்
சென்டர் முதலாளி: "நீங்க நடத்துனா சந்தேகமே வரலன்றாங்க சார்."
இன்றும் சொல்லவில்லை.
என் ஹால்டிக்கெட் வந்துவிட்டது. கலைவாணி எழுதும் அதே கிளார்க் பரீட்சைதான் எனக்கும்.

ஜூன் 22. ஞாயிறு
வேலூரில் பரீட்சை. அதே சதுரம் வந்தது. பதினாறுக்கான வட்டத்தைக் கறுப்பாக்கினேன்.
பஸ் ஸ்டாண்டில் கலைவாணி சிரித்துக்கொண்டே வந்தார்.
"நம்ம முக்கோணம் வந்துச்சே சார்! அங்கயும் எனக்குப் பதினாறுதான் வந்துது. நீங்க சொன்னது தப்பாவா இருக்கும்னு பன்னெண்டே போட்டுட்டேன்."
"பதினாறுதாங்க சரி. நீங்க எண்ணினதுதான்."
"நீங்க இன்னா போட்டீங்க?"
"பதினாறு."
சிரிப்பு நின்றுவிட்டது.
"எப்ப தெரியும் சார்?"
"மறுநாளே."
அவர் திட்டவில்லை. ஹால்டிக்கெட்டை நாலாக மடித்துப் பையில் வைத்தார். எங்கள் ஊருக்குப் போகும் ஆரணி பஸ் வந்தது, ஏறிவிட்டார். இடம் இருந்தது. நான் ஏறவில்லை.