மஞ்சப்பாறை ஆஸ்பத்திரி எஞ்சின் அறைச் சுவரை இடிக்கக் கோரி

அனுப்புநர்:
கா. ஆறுக்குட்டி,
எஞ்சின் மெக்கானிக்,
எலப்புள்ளி, பாலக்காடு.

பெறுநர்:
உயர்திரு நிர்வாக என்ஜினீயர் அவர்கள்,
கட்டடப் பிரிவு, மஞ்சப்பாறை.

பொருள்: எஞ்சின் அறையின் கிழக்குச் சுவரை இடிப்பதும், இனிமேல் கட்டடப் படம் முடிவாகுமுன் இயந்திரம் தருவோரைக் கலந்தாலோசிப்பதும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மஞ்சப்பாறை ஆஸ்பத்திரிக்கு ஆற்றுத் தண்ணீர் ஏற்றும் எண்ணெய் எஞ்சினை 1955 மார்ச்சில் கம்பெனி சார்பில் பொருத்தியவன் நான். எஞ்சினுடன் நான் வந்து சேர்ந்தபோது நான்கு சுவர்களும் எழும்பிவிட்டன.

2. எஞ்சினைக் கிளப்ப ஒருவர் எதிரே நின்று கைப்பிடியை மாட்டிச் சுற்ற வேண்டும். அதற்கு மூன்றடி இடம் தேவை. கிழக்குச் சுவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருந்தது ஒன்பது அங்குலம். ஓவர்சீயரிடம் சொன்னேன். படம் கையெழுத்தாகி வந்துவிட்டது, அதற்குத் தக்கபடி எஞ்சினை வை என்றார். வைத்தேன். வேலை திருப்தி என்ற தாளில் கையெழுத்தும் இட்டேன்.

3. கைப்பிடிக்கு இடமில்லாததால், நின்ற எஞ்சினைக் கிளப்ப ஐந்து பேர் சக்கரத்தில் கயிறு சுற்றி இழுக்க வேண்டியிருந்தது. ஐந்து பேர் எப்போதும் கிடைப்பதில்லை. ஆகவே ஆப்பரேட்டர் மத்தியாஸ், எஞ்சினை நிறுத்தாமலே, சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து எண்ணெய் விடுவார். சென்ற ஆண்டு பழுது பார்க்கப் போனபோது கண்டித்தேன். "நிறுத்திப்புட்டா யாருண்ணே எழுப்புறது? பிரசவ வார்டுல தண்ணி கேப்பாக" என்றார். பழுதைச் சரிசெய்துவிட்டு ஊர் திரும்பினேன்.

4. கடந்த ஜூன் 11 அன்று காலை அவருடைய சட்டை சக்கரத்தில் சிக்கியது. தந்தி கிடைத்து மறுநாள் வந்தேன். அதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. சக்கரத்தின் ஆரக்கால்களில் சுற்றியிருந்த துணியை நான்தான் கத்தியால் அறுத்தெடுத்தேன். எண்ணெய்க் குப்பி கவிழாமல் சுவரோரம் இருந்தது. மாலைக்குள் தண்ணீர் வேண்டும் என்றார்கள். சக்கரத்தைக் கழுவினேன். ஐந்து பேர் இழுத்தார்கள். எஞ்சின் ஓடியது. மலையிறங்கும் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

5. விசாரணையில், ஓடும் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டது இறந்தவரின் கவனக்குறைவு என்று எழுதியிருப்பதாக அவர் மனைவி ரோசி எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். ஓடும்போது எண்ணெய் விடக் கூடாது என்பது எங்கள் கம்பெனியின் எஞ்சின் புத்தகத்திலும் உள்ளதுதான். நிறுத்தினால் கிளப்ப முடியாத அறை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தெரிந்தே கையெழுத்திட்டவன் என்று என் பெயரையும் எழுதலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

6. இதே படத்தை வைத்து மேலும் இரண்டு ஆஸ்பத்திரிகள் கட்டப்போவதாகக் கேள்விப்படுகிறேன். அஸ்திவாரம் தோண்டுமுன் எஞ்சின் தருபவரையும் அதைப் பழுது பார்ப்பவரையும் கூப்பிட்டு, எங்கே நிற்பாய், எந்தப் பக்கம் கழற்றுவாய் என்று கேட்டால் போதும். காகிதத்தில் கோட்டை மூன்றடி தள்ளிப் போடலாம். கல்லில் அது முடிவதில்லை.

7. மஞ்சப்பாறைச் சுவரை மட்டும் தாமதமின்றி இடிக்க உத்தரவிட வேண்டுகிறேன். ஒரு நாள் வேலை. உத்தரவு வந்தால் கடப்பாரையோடு நானே வருவேன். சென்ற வாரம் போயிருந்தேன். புது ஆப்பரேட்டர் பெயர் சின்னமுத்து, வயது இருபத்தாறு. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஓடும் எஞ்சினுக்குப் பின்னால் நுழைந்துகொண்டிருந்தார்.

இடம்: எலப்புள்ளி
நாள்: 19-8-1957

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
கா. ஆறுக்குட்டி