குதிரைக்குப் போட்ட மாலை

அன்புள்ள மாமாவுக்கு,

கனகா எழுதுறேன். நானும் நம்ம பய மாறனும் சொகம். உங்க முதுகுவலி தேவலையா? போன்ல பேசுனா அழுகை வந்துரும், அதேன் எழுதுறேன்.

மதுரையில இந்தக் குதிரைப் பண்ணையில கூட்டிப் பெருக்குற வேலை நல்லாத்தேன் போகுது. நேத்து மாறனை முதமுதலா வைத்தியத்துக்குக் குதிரை மேல ஏத்துனாக. நான் நம்மூரு அய்யனார் குதிரை நெனப்புல திருநீறு பூசி, கழுத்துல மல்லி மாலை போடப் போனேன். அது வாயால பறிச்சுத் தின்னுருச்சு! மாறனைப் பாக்குற டாக்டரம்மா வையலை, சிரிச்சாக. மாறனும் விழுந்து விழுந்து சிரிச்சான். பிடிச்சிருந்தவுக கையை எடுத்ததுகூடத் தெரியாம, தானா நிமிந்து உக்காந்திருந்தான் மாமா!

தசை நோய் முழுசாப் போகாதாம். ஆனா குதிரை நடக்க நடக்க இடுப்பு வலுவாகுமாம். நமக்கு அது போதும். அந்தம்மா நல்லா இருக்கணும். அய்யனாருக்கு நேந்த மண்குதிரையை இந்த வருசமே எடுத்துருவோம்.

எழுமலையிலருந்து யாரும் வந்தா உங்க பழைய துண்டு ஒண்ணு குடுத்து விடுங்க. துவைக்க வேண்டாம். உங்க வாசம் இல்லாம மாறன் தூங்க மாட்டேங்குறான்.

வேலைக்கு நேரமாச்சு, வாரேன்.

கனகா

துண்டு ரெண்டாக் குடுத்து விடுங்க.