பாஸ்கல் வைத்த மன்றாட்டு

ஆவடி,
17-11-1996

அன்புத் தங்கை ரெஜினாவுக்கு,

அக்கா சகாயமேரி எழுதுவது. பூனாவில் நீ சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கும் சுகமே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அருவருப்பாக இருக்கிறது, ரெஜி. வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. திடீர் திடீரென்று உடம்பு தீயாய் எரிந்து ரவிக்கை நனைந்துவிடுகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த மனுஷன் பக்கத்தில் வந்தால்தான் உயிர் போகிறது. நீ நர்ஸ், உன்னிடம் என்ன வெட்கம்? மிளகாய்ப்பொடி அப்பிய மாதிரி எரிச்சல். வேண்டாம் என்று சொன்னால் அவர் காதில் விழாது.

பூந்தமல்லியில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். இந்த வயதில் உள்ளே வறண்டுபோவது நிறையப் பேருக்கு வருவதுதான், தடவினால் சரியாகும் என்று ஹார்மோன் களிம்பு எழுதிக்கொடுத்தார். உன் அத்தான் அதைச் சாக்கடையில் வீசிவிட்டார். பேரன் எடுக்கிற வயசுல இன்னாடி களிம்பு என்று கேட்டார். அந்த வயசு களிம்புக்கு மட்டும்தான் போலிருக்கிறது!

எங்கள் குவார்ட்டர்ஸில் வாராவாரம் ஒரு வீட்டில் பங்குக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் நடக்கும், ஆளுக்கொரு மன்றாட்டு சொல்வோம். போன வாரம் பக்கத்து வீட்டு ஞானகுமாரி வீட்டில் இவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, உம் அடியான் பாஸ்கல் கேட்கிறேன், தாம்பத்தியக் கடமையை மறந்துவிட்ட என் மனைவியின் மனதைத் திருப்பும்" என்று உரக்கச் சொன்னார். சீ! அத்தனை பேரும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று முடித்தார்கள். பழக்கதோஷம், நானும் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் குழாயடியில் ஒருத்தி, இன்னாக்கா, ஆம்பள மனசு நோவ வுடலாமா என்று கேட்கிறாள். பாதிக் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

நேற்று எங்கள் வீட்டில் கூட்டம். என் முறை வந்ததும் நானும் கண்ணை மூடினேன். "ஆண்டவரே, எனக்கு வலிக்கிறது. டாக்டர் கொடுத்த மருந்தை என் கணவர் வீசிவிட்டார். நான் வேண்டாம் என்றால் என்னைத் தொடாத மனதை அவருக்குத் தாரும்" என்றேன். முதலில் ஞானகுமாரிதான், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றாள். பிறகு பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். கடைசியில் உன் அத்தானும் முணுமுணுத்தார், வேறென்ன செய்வார்? ரொம்ப நாளைக்குப் பிறகு ருசித்துச் சாப்பிட்டேன், கூட்டத்துக்கு அவித்த சுண்டலைத்தான்.

அந்தச் சந்தோஷமெல்லாம் வந்தவர்கள் செருப்பு மாட்டுகிற வரைக்கும்தான். அவர்கள் போனபின் நடந்ததை எழுதக் கை கூசுகிறது.

அந்தக் களிம்பால் கேன்சர் வரும் என்று இவர் பயமுறுத்துகிறார். உன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேள். நல்லதென்றால் நீயே வாங்கி வா. தபாலில் வேண்டாம், இவர் பிரித்துவிடுவார். பதிலைக்கூட ஞானகுமாரி பெயருக்கே போடு.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காது என்று எழுதியிருந்தாய். யார் காலில் விழுந்தாவது வாங்கிக்கொண்டு வந்துவிடு. நீ இருந்தால் நாம் இரண்டு பேரும் ஹாலில் பாய் போட்டுப் படுத்துக்கொள்ளலாம். உன் பக்கத்தில் படுத்தால் நான் தூங்குவேன், ரெஜி.

தேவதாய் உன்னைக் காப்பாளாக.

உன் வரவையே பார்த்திருக்கும் அக்கா,
சகாயமேரி