பச்சை வயர்

லிண்டால்வா,

குரிட்டிபாவில் ஜூன் குளிர் தொடங்கிவிட்டது. உன் அம்மா வீட்டுப் பக்கம் இவ்வளவு இருக்காது.

கரண்டில் தண்ணீரைச் சுடவைக்கும் நம் ஷவருக்கு இன்று எர்த் கொடுத்துவிட்டேன். நான் சுருட்டிச் சொருகிவைத்திருந்த அதே பச்சை வயர்தான். குளிக்கும்போதெல்லாம் கரண்டை நிறுத்துகிறதென்று நான் கழற்றிப் போட்ட பாதுகாப்பு சுவிட்சையும் திரும்ப மாட்டினேன்.

"ஊருக்கெல்லாம் வயர் இழுக்கிறீங்க, நம்ம வீட்டுக் குழாய் மட்டும் ஷாக் அடிச்சுக் கடிக்குது" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய். "இந்த ஊர்ல எந்த வீட்டுக் குழாய்தான் கடிக்கல? செருப்பைப் போட்டுக்கிட்டுக் குளி" என்பேன். நம் மகள் தைனாராவும் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து ரப்பர் செருப்போடுதான் குளித்தாள்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது, "செருப்பு போட்டாளான்னு நான் பாத்திருக்கணும்" என்று பஸ் முழுக்க அழுதாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்பா, செருப்பு பிஞ்சிடுச்சு" என்று அவள் அன்று என்னிடம்தான் வந்து காட்டினாள். நான் டிவியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒரு நாளைக்குச் சும்மா குளிம்மா" என்றேன்.

இன்று எர்த் வேலை முடிய இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு வெறுங்காலோடு தண்ணீரில் நின்று குழாயைப் பிடித்தேன். வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் ஆகவில்லை.

அவளுடைய அப்பா