பிற்பகலில் சார்ஜ் ஏறும் வண்டி

அன்பு மகளுக்கு,

நம் குடியிருப்பில் முகத்துக்கு நேரே 'சார்' என்றும் முதுகுக்குப் பின்னால் 'ரூல்ஸ்' என்றும் அழைக்கப்படும் உன் அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நீயும் அங்கே வேளைக்கு உண்டு, வேளைக்கு உறங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லையென்றால் ஒளிக்காமல் எழுது. இக்கடிதத்தின் நோக்கம், உன் அம்மாவின் வண்டி விவகாரம் முழு வெற்றியில் முடிந்ததை முறைப்படி அறிவிப்பதும், நீ வாங்கப்போகும் மின்சாரக் காருக்கு எங்கே, எப்போது சார்ஜ் போடுவது என்ற உன் கேள்விக்கு விடை சொல்வதும் ஆகும். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் பாதியில் நீ சிரிப்பாய், மீதியில் அம்மா பிடுங்கிக்கொள்வாள்.

மருத்துவமனை வேலையை விட்டு, எழுந்து நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்கே சென்று இயன்முறைப் பயிற்சி கொடுக்கத்தான் அம்மா இந்தக் காரை வாங்கினாள் என்பது உனக்குத் தெரியும். கீழ்த்தளத்தில் சார்ஜர் பொருத்தக் குடியிருப்புச் செயலாளர் அனுமதி மறுத்துவிட்டதால், பிரதான சாலையிலுள்ள விரைவு நிலையமே கதி என்று இருந்தோம். ஒருமுறை நான் நூறு சதவீதம் ஏறாமல் வண்டியை எடுப்பதில்லை என்று அங்கே உட்கார்ந்துவிட்டேன், எதையும் அரைகுறையாகச் செய்வது என் வழக்கமல்லவே. எண்பதைத் தாண்டியதும் பேட்டரி ஆமை வேகத்தில்தான் நிரம்பியது. பின்னால் நின்ற வாடகைக் கார்காரர் இறங்கி வந்து, "சார், சார்ஜ் போடுறீங்களா, தவம் பண்றீங்களா? வரம் கெடச்சதும் சொல்லுங்க, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்றார். அதைச் சிரித்து மறந்துவிடலாம். மறக்க முடியாதது அடுத்த வாரம் நடந்தது. இடுப்பு அறுவைக்குப் பின் ஒரு தையற்காரர் முதன்முதலாக ஊன்றுகோல் இல்லாமல் நிற்க வேண்டிய நாளில், அம்மா அந்த நிலையத்து வரிசையில் சிக்கிக்கொண்டாள். அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் வெகுநேரம் காத்திருந்து, பிறகு சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டாராம். வீடு திரும்பிய அம்மா, "என்னங்க, நம்பி இருக்கிறவங்கள இப்படி ஏமாத்துறதுக்கா நான் வேலைய விட்டேன்? வண்டியக் குடுத்துடலாம். பழைய ஆஸ்பத்திரியிலயே மறுபடியும் கேட்டுப் பாக்கறேன்" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன், ஆனால் அதில் கோபமே இல்லை.

மறுநாளே செயலாளரிடம் சென்றேன். "நீங்க ராத்திரி சொருகுவீங்க, எல்லா வீட்லயும் ஏசி ஓடும், லிஃப்ட் பாதியில நிக்கும். அப்புறம் எல்லாரும் என் சட்டையப் பிடிப்பாங்க" என்றார். இரவில் போட்டாலும் ஆபத்தில்லை என்று நிறுவ நான் மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, உன் அம்மா துண்டால் தலையைத் துவட்டியபடி எட்டிப் பார்த்து, "ராத்திரிதான் போடணும்னு யாருங்க சொன்னா? மத்தியானம் சாப்பிட்டு நாலு மணி வரைக்கும் நானும் படுத்துக் கெடக்கேன், வண்டியும் படுத்துக் கெடக்கு. அப்பப் போட்டா ஏறாதா?" என்றாள். ஏறும், மகளே, தாராளமாக ஏறும். அந்த நேரத்தில் பாதிக் கட்டடம் வேலைக்குப் போயிருக்கும். அவளுடைய அன்றாட ஓட்டத்துக்கு மெதுவான சார்ஜரே போதும், ஒரு வெந்நீர் ஹீட்டர் இழுக்கும் அளவு மின்சாரம்தான் அது இழுக்கும். வேகமான சார்ஜரையே தேடிக்கொண்டிருந்த நான், வண்டி எப்போது சும்மா நிற்கிறது என்று பார்க்கவே இல்லை.

செயலாளர் அதற்கும் மசியவில்லை. "இன்னிக்கு மத்தியானம்பீங்க, ஒரு நாள் அவசரம்னு ராத்திரியும் சொருகுவீங்க" என்றார். அந்தச் சந்தேகம் நியாயமானது. கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரையிடுவது என் உத்தியோகம். தாங்கும் என்று எழுதியிருப்பதை நம்பாமல், உச்ச எடையை ஏற்றிப் பார்த்த பிறகே நான் முத்திரை வைப்பேன். கட்டடத்தையும் அப்படியே சோதிப்போம் என்றேன். மின் பணியாளர் பிரதானப் பலகையைப் பார்த்துச் சம்மதித்து, நம் மீட்டரிலிருந்தே தனிக் கம்பி இழுத்துக் கொடுத்தார். ஞாயிறு முற்பகல், நான் கேட்டுக்கொண்டபடி எல்லா வீடுகளிலும் ஏசி, ஹீட்டர், சலவை இயந்திரம், இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஓடின. மேல்மாடி வீட்டுப் பெண் மாடிப்படியிலிருந்து, "சீக்கிரம் முடிங்கண்ணா, வெறும் மிக்ஸிய ஓட விட்டிருக்கேன், எங்க மாமியார் என்னையே ஒரு மாதிரியாப் பாக்கறாங்க" என்று கத்தினாள். அம்மா சார்ஜரைச் சொருகினாள். லிஃப்டில் யார் ஏறுவது என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் செயலாளரையே பார்த்தோம். அவர் தயங்கியபோது அம்மா, "பயப்படாம ஏறுங்கண்ணா, உள்ள மாட்டிக்கிட்டுக் கை கால் மரத்துப் போனா நான் இருக்கேன், நீவி விட்டுடறேன்" என்றாள். கதவு மூடியது. விளக்குகள் சிமிட்டக்கூட இல்லை. நாலாம் மாடியில் கைதட்டல் கேட்டது. கீழே வந்தவர் வெளியே வராமல், இன்னொரு முறை மேலே போய்விட்டு வந்தார். "சரி, போட்டுக்கோங்க. ஆனா அறிவிப்புப் பலகையில, இத நானே சோதிச்சுப் பாத்ததா எழுதிடுங்க" என்றார். எழுதினேன், உண்மைதானே!

உனக்கு நான் சொல்வது இதுதான். எந்த சார்ஜர் வேகமானது என்று கேட்காதே. உன் வண்டி எங்கே நெடுநேரம் நிற்கும் என்று கேள். உன் வாடகை வீட்டில் தெருவோரம்தான் இடம். ஜன்னல் வழியே கம்பி இழுத்துப் போடும் யோசனையை உன் அறைத்தோழியே சொன்னாலும் ஏற்காதே. உன் அலுவலக நிறுத்துமிடத்தில் சார்ஜர் இருப்பதாக எழுதியிருந்தாய், பகல் முழுதும் வண்டி அங்கேதான் நிற்கப்போகிறது, அதுவே உனக்குப் பொருத்தம். விரைவு நிலையத்தைத் தொலைதூரப் பயணத்துக்கு வைத்துக்கொள், அங்கே எண்பதில் எடுத்துவிடு.

நேற்று அந்தத் தையற்காரர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, தெருக்கதவு வரை தானே நடந்து வந்து அம்மாவை வழியனுப்பினாராம். "மேடம், இனிமே என்னப் பாக்க வராதீங்க, அடுத்த தெருவுல ஒருத்தர் படுத்தே கெடக்காரு, அவரப் போய் எழுப்புங்க" என்றாராம். இன்று மாலை முதல் அந்தப் புதியவர் அம்மாவின் பொறுப்பு. மருத்துவமனைப் பேச்சு இந்த வீட்டில் இனி இல்லை.

பல் மருத்துவரிடம் போவதை இனியும் தள்ளாதே. எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நோய் நொடியின்றி நீ நெடுங்காலம் வாழ எங்கள் இருவரின் ஆசிகள். அம்மா விழித்துக்கொண்டாள், நான் இப்போதே கீழே இறங்கிப் போய், கம்பியைக் கழற்றிச் சுருட்டி வைத்து, புதியவரின் வீட்டுக்கு அவள் ஒரு நிமிடமும் தாமதிக்காதபடி வண்டியை வாசலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தப்போகிறேன்.

உன் அன்புத் தந்தை