ஐந்து சிறுத்தைகளும் ஒரு செங்கல் நிறமும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இதனால் மாமதுரைப் பொதுமக்களுக்கு அறிவிப்பது என்னவென்றால்: இன்று மாலை முதல் எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியில் ஐந்து சிறுத்தைகள் குடியேறியுள்ளன. வனத்துறை பதற வேண்டாம். ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஜெர்மன் பேன்தர் டேங்க். பிளாஸ்டிக்.

நான் பெயின்ட் அடித்துத் தரப்போகும் வளர்ப்புத் தந்தைதான். பெற்றவன் சூரியபிரகாஷ். அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. பதினேழாம் தேதி திருமங்கலத்துப் பையன்களோடு மேஜைப் போர், தங்கப்பாண்டி அண்ணன் மாடி அறையில். மேஜை, ஸ்கேல், பகடை, தீர்ப்பு எல்லாம் அண்ணன்தான். அவருடைய சட்டம்: ஓர் அணி டேங்க் என்றால் எல்லாம் ஒரே நிற வேஷத்தில் இருக்கணும். இல்லையென்றால் மேஜையில் ஏறாது.

"உன்னைய நம்பித்தான் குடுக்குறேன் மாப்ள" என்றான் சூர்யா.

"மதுரையில என்னைய விட்டா வேற எவன் இருக்கான்?" என்றேன். தன்னடக்கத்தோடுதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒரு மர்மம். அண்ணன் பெரிய பாட்டிலிலிருந்து பெயின்டை ஹோமியோபதி மாத்திரைக் குப்பிகளில் ஊற்றி, காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டித் தருவார். இன்று சூர்யாவின் குப்பிகளில் பச்சை லேபிளையும் செம்பழுப்பு லேபிளையும் இடம் மாற்றி ஒட்டினேன். எம்புட்டு சாமர்த்தியமான சேட்டை! உள்ளே இரண்டும் ஒரே சேறு. யாருக்குத் தெரியும்?

மூடியைத் திறந்தான். திறந்த கையோடு, "டேய் அசீம், லேபிள மாத்துனியா?"

எப்படி?! யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அறையில் இருந்ததே நாங்கள் மூன்று பேர். அண்ணனா? சே, நீதிபதி.

ஒட்டிப் பழகியதில் என் குப்பிகளின் லேபிளும் கிழிந்துபோனது. போகட்டும். கலைஞனுக்கு எதற்கு லேபிள்?

ஆகஸ்ட் 8, வெள்ளி

முடிந்தது! மஞ்சள் அடி, அதன்மேல் பச்சைத் திட்டு. இரண்டு டேங்க் முடிந்ததும் பச்சை தீர்ந்துவிட்டது. நல்லவேளை, இன்னொரு குப்பி பச்சை இருந்தது.

அம்மா: "மொட்டை மாடி டேங்க கழுவுடான்னா நடக்காது. இந்த டேங்க்குக்கு மட்டும் குளிப்பாட்டி பவுடர் போடுவான்."

தங்கச்சி சனோபர்: "ஏண்ணே, போயும் போயும் ஜெர்மன்காரனா?"

தோற்கிற பக்கத்தையும் யாராவது எடுக்கணுமே, இல்லாவிட்டால் ஜெயிக்கிறவன் யாரோடு சண்டை போடுவான் என்றேன். அசீம் ஒன்று, சனோபர் பூஜ்யம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒன்றும் புரியவில்லை.

அண்ணன் மாடி அறையில் துணியை விலக்கினேன். ஐந்தும் வரிசையாக. கைதட்டல் வரும் என்று பார்த்தால் சிரிப்பு வருகிறது.

"என்னடா, மூணு செங்கச் சூளையில இருந்து நேரா வந்துருச்சா?" இது அண்ணன்.

சூர்யா சிரிக்கவில்லை. "விளையாடாத. அந்த மூணுல பச்சை எங்க?"

"அஞ்சும் பச்சைதான்டா!"

"அசீம். ஏழு நாளுதான் இருக்கு."

லேபிள் சேட்டைக்குப் பழிவாங்குகிறார்கள், அவ்வளவுதான். அதற்காக இம்புட்டு நடிப்பா? சூர்யா நடிக்கத் தெரியாதவன். பொய் சொன்னால் காது சிவக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்வார்கள் — நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

சனோபரிடம் இரண்டை நீட்டினேன். "இது பச்சை. இது பிரவுன். ஏண்ணே?" சூர்யா இவளுக்கும் போன் போட்டுவிட்டானா?

எந்தப் பக்கமும் சாராத ஆள் வேண்டும். தெற்குவாசல் டீக்கடை மாஸ்டர்.

"அண்ணே, இது ரெண்டும் ஒரே கலர்தான?"

டீயை ஆற்றுவதை நிறுத்தாமலே பார்த்தார். "இது வேப்பிலை, அது செங்கல். எதுக்குத் தம்பி, பந்தயமா?"

மாஸ்டருக்குமா போன் போட்டிருப்பான்?

ஆகஸ்ட் 13, புதன்

அத்தா கடைக்குப் பக்கத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை. கடைக்கார உபைதுல்லா மாமாவிடம், கண்ணைச் சோதிக்க, நம்பரை ஒளித்துவைத்த புள்ளி வட்டம் போட்ட புத்தகம் இருக்கிறது. முதல் பக்கத்தில் 12. சத்தமாகச் சொன்னேன். அடுத்த பக்கம் — புள்ளி. அதற்கடுத்து — புள்ளி. "நம்பரைக் காணோமே மாமா, அச்சுப் பிழையா?"

மாமா சிரிக்கவில்லை. "பச்சை, சிவப்பு வகை உனக்குக் கலங்குதுப்பா. பொறப்புலயே இருந்திருக்கும். பயப்பட ஒண்ணுமில்ல."

தக்காளியை அமுக்கிப் பார்த்துத்தான் பழமா என்று கண்டுபிடிப்பேன். எல்லோரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையா? அப்ப நான் பாத்ததெல்லாம் என்ன?

மதுரையில் என்னை விட்டால் ஆள் இல்லை. ஆமாம், இப்படி ஒரு ஆள் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

சூர்யா வீட்டுக்கு வந்தான். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"வேணும்னேதான் அடிச்சேன் மாப்ள. எப்புடி நம்ம சேட்டை?"

அவன் கத்தியிருந்தால் பரவாயில்லை. ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்தான். "மாமா குடுத்ததுடா" என்றான். போய்விட்டான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஏன்டா சொன்ன?

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளியில் கொடியேற்றம். மேலே காவி, கீழே பச்சை. சந்தேகமே இல்லை. சந்தேகம் இல்லாததுதான் இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அண்ணன் சட்டத்தை வளைக்கவில்லை. இரண்டு சிறுத்தைகளை மட்டும் வைத்துக்கொண்டு சூர்யா ஆடினான். நான் மூலையில் ஸ்டூலில். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. மத்தியானத்துக்குள் இரண்டும் காலி.

திருமங்கலத்துப் பையன் ஒருத்தன் டப்பாவை எட்டிப் பார்த்தான். "அந்த மூணும் ஏன் சும்மா படுத்துக் கெடக்கு?"

"இவரு சேட்டை பண்ணுனாரு" என்றான் சூர்யா. இவராம்.

எழுந்தேன். "சேட்டை இல்லடா. எனக்குப் பச்சையும் செம்பழுப்பும் தெரியாது. ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

அறையே சிரித்தது. நான் உண்மை சொன்னால் எப்போதும் கிடைக்கிற சிரிப்பு.

"அடுத்த நாடகமா?" என்றான் சூர்யா. இரண்டு குப்பிகளை எடுத்து முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றி, ஒன்றை நீட்டினான். "இது?"

"பச்சை."

சிரிப்பு.

"இது?"

"...பச்சை?"

மறுபடி, மறுபடி. யாரோ ஒருத்தன் விசிலடித்தான். பிறகு சூர்யா நிறுத்திவிட்டான்.

"மெய்யாவே தெரியலயாடா?"

தலையாட்டினேன்.

"அப்ப ஏன்டா வேணும்னு செஞ்சேன்னு சொன்ன?"

"சேட்டைக்காரன்னா எல்லாருக்கும் பழக்கமாயிருச்சு. இது... இது என்னன்னு எனக்கே தெரியலடா."

அவன் டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது, "வாரேன்" என்றான்.

ஆகஸ்ட் 20, புதன்

வரவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வந்தான். டப்பாவோடு.

இன்றைய சாதனையை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்: மூன்று சிறுத்தைகளும் பச்சைக்குத் திரும்பின. அடித்தது முழுக்க முழுக்க நான். லேபிள் இல்லாத குப்பிகள். சூர்யா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு திட்டுகூடத் தப்பவில்லை. அண்ணன் வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு, "அஞ்சும் ஒரு தாய்ப் பிள்ளைகடா" என்றார். கண்ணுக்கு எட்டாததைக் கலைஞனின் உள்ளுணர்வு —

சரி. விடு. உனக்கே எதற்குப் பொய்?

சூர்யா எனக்கு எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். பிரஷைத் தோய்க்கும் முன் நான் ஒரு தடவைகூடக் குப்பியைப் பார்க்கவில்லை. அவன் வாயைப் பார்த்தேன். தப்பான குப்பிப் பக்கம் கை போனால் மெல்லுவதை நிறுத்திவிடுகிறான். தெரியாமல் செய்கிறானா, தெரிந்தேதான் செய்கிறானா? கேட்கப் பயமாக இருக்கிறது.

மென்றுகொண்டே இருந்தால், பச்சை.